இருபத்திரண்டாம் நம்பர் ஜெர்சி

ஜூன் பிறந்து பத்து நாளாகியும் புனேயில் மழை வரவில்லை. தினமும் மூன்று மணிக்கு வானம் கறுக்கும். ஷீலா குடியிருக்கும் விஷ்ராந்த்வாடியில் பெண்கள் மொட்டை மாடிக்கு ஓடிக் காயப்போட்ட துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு இறங்குவார்கள். அவர்கள் இறங்கி முடித்ததும் வானம் ஒன்றுமே நடக்காததுபோல வெளுத்துவிடும். ஷீலாவுக்கு அந்த வானத்தின்மேல் கோபம் கோபமாக வந்தது. பெய்வதென்றால் பெய்ய வேண்டும், இல்லையென்றால் இல்லையென்று சொல்லித் தொலைக்க வேண்டும். ஆளை இப்படிப் போட்டு இழுத்தடிப்பது என்ன பழக்கம்?

உண்மையில் அவளை இழுத்தடித்தது வானமில்லை. அவள் பெற்ற இரண்டு பையன்களும் ஒரு கோல் போஸ்டும்தான்.

காலை நாலரைக்கே அவளுடைய அடுப்பு எரியத் தொடங்கிவிடும். கராடி ஐ.டி. பார்க்குகளில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இருபத்தாறு பேருக்கு மதியச் சாப்பாட்டு டப்பா அனுப்புகிறாள். புதனும் சனியும் மீன். மார்க்கெட்டில் 'பாங்டா' என்று மராட்டியில் பேரம் பேசி வாங்கும் மீன், வீட்டு வாசலைத் தாண்டியதும் அயிலை ஆகிவிடும். தேங்காயை மை போல அரைத்து, கொடம்புளி போட்டு, மண்சட்டியில் அவள் வைக்கும் குழம்புக்காகவே ஒரு பையன் வேலை மாறின பிறகும் புது கம்பெனி விலாசத்தைச் சொல்லி டப்பாவை அங்கே அனுப்பச் சொன்னான்.

பையன்கள் இருவரும் அந்தப் புகைக்கும் வாசனைக்கும் நடுவே குனிந்து ஷூ மாட்டுவார்கள். மூத்தவன் ஷிபின், இருபத்தொரு வயது, கல்லூரியில் மூன்றாம் வருஷம். அகன்ற தோள், நிதானமான நடை. இளையவன் சுபின், பதினெட்டு. இப்போதுதான் பன்னிரண்டாவது முடித்து அதே கல்லூரியில் முதல் வருஷம் சேர்ந்திருக்கிறான். ஒடிசலான உடம்பு, கை மட்டும் அளவுக்கு மீறி நீளம். இருவருமே கோல் கீப்பர்கள்.

"லேய் ஷிபின், ரெண்டு இட்லியாவது தின்னுட்டு போ மக்கா."

"தின்னா டேக்டியில வாந்தி வரும்மா. வந்து திங்கேன்."

டேக்டி என்பது ஊருக்கு வெளியே இருக்கும் மொட்டைக் குன்று. கோடைப் பயிற்சி அங்கேதான் தொடங்கும். தோளில் மணல் பையோடு எட்டு முறை ஏறி இறங்க வேண்டும். பிறகு மைதானம். கோச் ஜெயசீலன் நனைத்த டென்னிஸ் பந்துகளைக் கூடையில் வைத்துக்கொண்டு கீப்பர்களின் முகத்தைப் பார்த்தே எறிவார். மே மாத வெயிலில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். இந்த வீட்டிலிருந்து போகிற இரண்டு பேரும் ஒரு நாள் தவறவில்லை.

அதில் ஷீலாவுக்குப் பெருமைதான். ஆனால் அணியில் கோல் காக்க ஓர் ஆள்தான் வேண்டும்.

ஷிபின் முதல் இரண்டு வருஷமும் ஒரு சீனியருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தே கழித்தான். அந்த சீனியர் ஏப்ரலில் படிப்பை முடித்துப் போனான். இனி உன் முறைதான் என்று எல்லாரும் சொன்னார்கள். ரயில்வேயில் விளையாட்டுக்காரர்களுக்கென்று ஆள் எடுக்கிறார்கள். அதற்குப் பல்கலைக்கழக அணியில் ஆடின சான்றிதழ் வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு ஆள் பொறுக்குகிறவர்கள் ஆகஸ்டில் கல்லூரிகளுக்குள் நடக்கும் போட்டிகளைப் பார்த்துத்தான் பொறுக்குவார்கள். பெஞ்சில் இருப்பவனை யார் பார்க்கப் போகிறார்கள்? ஷிபினுக்கு மார்க்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. இந்த ஒரு வருஷம் கைவிட்டால் அப்பாவைப் போல போசரித் தொழிற்சாலைதான்.

அப்பா லூர்துசாமி இருபது வயதில் குமரிக் கடற்கரையிலிருந்து போசரிக்கு வந்தவன். தன் ஊரில் பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே பந்து உதைப்பார்கள் என்று சொல்லித் திரிவான்; அவன் உதைத்ததைப் புனேயில் யாரும் பார்த்ததில்லை. பிரஸ் மெஷின் அவனுடைய வலது மோதிர விரலில் பாதியை எடுத்துக்கொண்டது. அந்த வாரம் முழுவதும் ஷீலா அவனுக்குச் சோறு ஊட்டினாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், தன் பிள்ளைகள் அந்த மெஷின் பக்கம் போகக் கூடாது என்று.

மே மாதம் கல்லூரியிலிருந்து ஜெர்சி கொடுத்தார்கள். ஒன்றாம் நம்பர் ஷிபினுக்கு. இருபத்திரண்டு சுபினுக்கு, அது ரிசர்வ் ஆளின் எண். சுபினுக்கு அது தொளதொளவென்று இருந்தது. ஷீலா தன் தையல் மெஷினில் பக்கங்களையும் தோளையும் கையையும் பிடித்துக் கொடுத்தாள். துணியை மட்டும் வெட்டமாட்டாள், உள்ளே மடித்துத் தைப்பாள். வளரும் பிள்ளை, நாளைக்குப் பிரித்துவிடலாம். இந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் நடந்து வந்தது. ஷிபினின் யூனிஃபார்ம், ஷிபினின் பை, ஷிபினின் சைக்கிள், எல்லாம் ஓரிரு வருஷம் கழித்து ஓரிரண்டு தையலோடு சுபினுக்கு வரும். சுபின் ஒரு புதுச் சட்டைக்காக அழுததாக அவளுக்கு ஞாபகமே இல்லை. அழுதிருப்பான், இவள் இட்லித் தட்டை எடுத்துக்கொண்டிருந்திருப்பாள்.

சின்னவனின் கையைப் பற்றி மைதானத்தில் பேச்சு எழுந்தது மே கடைசியில். முதலில் லூர்துசாமிதான் வந்து சொன்னான்.

"ஏட்டி, சார் நம்ம சின்னவனையாக்கும் உத்துப் பாக்காரு. எனக்கு ஒண்ணும் சரியாப் படல்ல."

அன்று தொடங்கியது ஷீலாவின் தவிப்பு. அடுப்பில் இருக்கும்போது வாசலைப் பார்ப்பாள், வாசலில் நிற்கும்போது அடுப்பு ஞாபகம் வரும். நடந்துகொண்டே இருந்தாள். கேட்டால் கால் வலிக்கிறது, நடந்தால் சரியாகும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்ததும் பைக்கை எடுக்கப் போன ஜெயசீலனைப் பிடித்துவிட்டாள். ஜெயசீலன் மூன்று தலைமுறையாகப் புனேக்காரர். தாத்தா வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வந்தவர். அவருடைய தமிழ் நன்றாகத்தான் கிளம்பும், பாதி வழியில் இந்தியில் ஏறிக்கொள்ளும்.

"சார், ஒரு நிமிசம். ஷிபினுக்க காரியமா பேசணும்."

"ஷிபின் விஷயமா, சுபின் விஷயமா அக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"வஹீ தோ ப்ராப்ளம். அதுதானே பிரச்சினை." பைக் சாவியை விரலில் சுற்றினார். "சொல்லுங்க."

"சின்னவன் இப்பம்தான் பன்னெண்டு முடிச்சிருக்கான். மொத வருசமே கொண்டு நிறுத்தினா பயந்திரமாட்டானா?"

"பயப்படுற ஆளா தெரியலையே. எட்டு ரவுண்டு ஏறி இறங்கிட்டு, 'சார், அவுர் ஏக், இன்னும் ஒண்ணு'னு வந்து நிக்கிறான். நான் உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன் அக்கா. ஷிபின் நல்ல பையன். மெஹ்னத்தி, உழைப்பாளி. பந்து எங்க வருதுன்னு பாத்துட்டு அங்க போவான். சின்னவன் பந்து வர்றதுக்கு முன்னாடியே அங்க நிக்கிறான். அது சொல்லிக் குடுத்து வர்றது இல்ல."

சந்தோஷப்பட வேண்டிய வார்த்தை, ஷீலாவுக்கு முள்ளாகக் குத்தியது.

"அப்பம் முடிவு பண்ணியாச்சா?"

"எங்க முடிவு பண்றது? எனக்கே தூக்கம் போச்சு." ஜெயசீலன் பைக்கின் சீட்டில் சாய்ந்தார். "நாலு வருஷம் முன்னாடி பிம்ப்ரியிலருந்து ஒரு பையன் வந்தான். ஃபர்ஸ்ட் இயர். இவனை மாதிரியே கை. ஒரு வருஷம் பொறுங்கன்னு எல்லாரும் சொன்னாங்க, நான்தான் அடம்பிடிச்சு இறக்கினேன். செமி ஃபைனல்ல ஆறு கோல் அக்கா. ஆறு! வெளிய வந்தான், க்ளவுஸைக் கழட்டிப் பெஞ்சில வச்சான், அதோட கிரவுண்டுக்கே வரல. இப்ப ஒரு மொபைல் கடையில இருக்கான். என்னைப் பாத்தா உள்ள போயிடறான்."

"அதான் சார் நானும் சொல்லுகேன்! பச்சப் பிள்ளைய—"

"முழுசாக் கேளுங்க. இன்னொரு பக்கமும் இருக்கு. உங்க ஷிபினை ரெண்டு வருஷம் பெஞ்சில வச்சேன். இன்னும் கொஞ்சம் முத்தட்டும், இன்னும் கொஞ்சம் முத்தட்டும்னு. மொத வருஷமே இறக்கியிருந்தா இன்னிக்கு அவன் எப்படி நின்னிருப்பானோ? அதுக்கு யார் பதில் சொல்றது? நான்தானே?"

சாவியைப் பைக்கில் செருகினார்.

"சனிக்கிழமை காலையில ஒரு மேட்ச் வெக்கிறேன். அதே ஃபார்வர்டுங்க ரெண்டு பேருக்கும் அடிப்பாங்க. முதல் அரை மணி ஷிபின், அடுத்த அரை மணி சுபின். யாரு நல்லா நிக்கிறானோ அவன். டென்ஷன் மத் லோ அக்கா, கவலைப்படாதீங்க."

வீடு வரும்வரை ஷீலாவின் காதில் ஒலித்தது அந்த பிம்ப்ரிப் பையன் மட்டும்தான். ஷிபினைப் பற்றி ஜெயசீலன் சொன்னதை அவள் வசதியாகச் சர்ச் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாள். சின்னவனைக் காப்பாற்ற வேண்டும் என்று தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது உண்மை மாதிரியே ஆனது.

வியாழக்கிழமை மத்தியானம். வீட்டில் சுபின் மட்டும் இருந்தான். மறுநாள் டப்பாவுக்குத் தேங்காய் துருவுவது எப்போதும் அவன்தான். அந்த நீளக் கைக்கு நாலு தேங்காய் பத்து நிமிஷ வேலை. ஷீலா பக்கத்தில் உட்கார்ந்து மரச்சீனியின் தோலை உரித்தாள். ஒரு கிழங்கு முழுவதும் உரித்த பிறகுதான் வாய் வந்தது.

"மக்கா, சனிக்கிழம மேட்ச்சு."

"மாலும் ஹை மம்மி. சார் சொன்னாரு."

"அண்ணனுக்கு இது கடைசி வருசமாக்கும்."

சுபினின் கை தேங்காய் மூடியைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஒனக்கு இன்னும் மூணு வருசம் கெடக்கு. அவன் நின்னு முடிச்சிட்டா பின்ன அது ஒனக்குள்ளதுதான். யாரு கேக்கப் போறா? அவன் சைக்கிள் ஒனக்கு வரல்லியா? அது மாதிரி நெனச்சுக்கிடு."

"ஜெர்சியும் ஒரு வருஷம் கழிச்சு வரும். அதானே?"

"பின்ன? நான் பிடிச்சுத் தைச்சுத் தரமாட்டேனா?"

அவள் சிரிக்க முயன்றாள். அவன் சிரிக்கவில்லை. துருவலைக் கிண்ணத்தில் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். டப்பாவில் எத்தனை சப்பாத்தி என்று கேட்கும் குரலில் கேட்டான்.

"எத்தனை விடணும் மம்மி?"

"என்னது?"

"கோல். எத்தனை விட்டா போதும்?"

ஷீலா உரித்த தோலைக் கூட்டி ஒதுக்கினாள். அப்போதே, வேண்டாம் மக்கா, நான் சொன்னதை மறந்துவிடு என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேருக்கு எத்தனையோ வருஷம் அளவு சொல்லிச் சொல்லிப் பழகின வாய். அது அவளைக் கேட்காமல் பதில் சொன்னது.

"ரெண்டு போதும்."

"டீக் ஹை," என்றான் சுபின். அடுத்த மூடியை எடுத்துக்கொண்டான்.

அன்றும் மறுநாளும் அவள் கை அவளிடம் இல்லை. வெள்ளிக்கிழமை சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். கராடியிலிருந்து ஏழு பேர் ஃபோனில் எழுதினார்கள். 'அக்கா, இன்னிக்குக் கடல் தண்ணியா?' என்று ஒருவன் கேட்டிருந்தான். பத்து வருஷத்தில் அவள் டப்பாவைப் பற்றி வந்த முதல் குறை அது. அவளுக்கு உறைக்கவேயில்லை.

சனிக்கிழமை டப்பா எடுக்க ஆள் பத்தரைக்குத்தான் வரும். மீன் குழம்பை இறக்கிவைத்துவிட்டு ஆறரைக்கே ரிக்‌ஷா பிடித்து மைதானத்துக்குப் போனாள். நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்த லூர்துசாமி, கம்பெனிச் சட்டையோடு வேலி ஓரம் நின்றிருந்தான்.

"நீ எதுக்கு வந்த? மேட்ச்சுன்னா ஒனக்கு என்னண்ணு தெரியும்?"

"எனக்க பிள்ளையள பாக்க வந்தேன்."

புழுக்கம் தாளவில்லை. ஒரு இலை அசையவில்லை. முதல் அரை மணி ஷிபின் நின்றான். நன்றாகவே நின்றான். கத்திக் கத்தித் தன் ஆட்களை இடம் மாற்றினான், காலடியில் விழுந்து ஒரு பந்தை அமுக்கினான். இருபதாவது நிமிஷம் யாருடைய காலிலோ பட்டுத் திரும்பின பந்து ஒன்று உள்ளே போனது. ஒன்று.

பிறகு சுபின். வந்து நின்ற விதமே வேறு. சும்மா நிற்கிறவன் மாதிரி தெரிந்தான், பந்து வந்தால் அங்கே அவன் கை இருந்தது. ஒருமுறை ஃபார்வர்டு தனியாளாக ஓடி வந்து முகத்துக்கு நேராக அடித்தான். சுபின் ஒற்றைக் கையால் அதை மேலே தூக்கிவிட்டான். லூர்துசாமி தன்னை மறந்து விசிலடித்தான். ஷீலாவுக்கும் ஒரு நொடி எல்லாம் மறந்துபோனது. கையைத் தட்டினவள், தட்டின கையைப் பார்த்துவிட்டு முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

பத்தாவது நிமிஷம் இடது பக்கமிருந்து ஒரு பந்து உருண்டு வந்தது. வேகமேயில்லை. சுபின் விழுந்தான். பந்து அவன் கைக்கு அடியில் போனது. ஒன்று என்று ஷீலா எண்ணினாள்.

இருபத்தெட்டாவது நிமிஷம் கார்னர். நாலு பேர் எம்பினார்கள். சுபின் ஓரடி முன்னால் வந்தான், நின்றான், கை தாமதமாக எழுந்தது. பந்து உள்ளே விழுந்து வலையில் ஆடியது. அந்த நேரம் பார்த்து வானம் உறுமியது. விசில் ஊதும்போது பெரிய பெரிய துளிகள் விழத் தொடங்கின. மைதானத்துப் பையன்கள் எல்லாரும் மழை மழை என்று கத்திக்கொண்டு ஓடினார்கள்.

ஜெயசீலன் நனைந்துகொண்டே இருவரையும் கூப்பிட்டார். ஷிபினின் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதியும் தெரிந்தது. இந்த வருஷம் அவர் அடம்பிடிக்க வேண்டியதில்லை. ஷிபின் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பியின் க்ளவுஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சின்னவன் கடைசியில பதறிட்டான்," என்றான் லூர்துசாமி. "ஒரு வருசம் போவட்டு. நல்லதுக்குத்தான்."

"ஓ," என்றாள் ஷீலா.

டப்பாக்கள் போன பிறகு நால்வரும் தரையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெளியே மழை கொட்டியது. ஷீலா வழக்கம்போல மூத்தவனுக்கு முதலில் பரிமாறினாள். மரச்சீனி மசியல், அதன்மேல் அயிலையின் நடுத்துண்டு. ஷிபின் அந்தத் தட்டைத் தம்பி பக்கம் தள்ளினான்.

"அவனுக்கு வையி."

"அவனுக்கும் இருக்கு மக்கா, நீ தின்னு."

"அவனுக்கு வையின்னேன்லா? இன்னைக்கு எனக்குப் பிச்ச போட்டவன் அவன்தான?"

லூர்துசாமி வாயில் வைத்த உருண்டையோடு நிமிர்ந்தான். "என்னல பேசுத?"

"அப்பா, நம்ம வீட்டு கேட்டுல நானும் அவனும் பத்து வருசமா பந்து அடிக்கோம். இடது பக்கம் உருண்டு வாற பந்த அவன் கண்ண மூடிட்டே பிடிப்பான். இன்னைக்கு கைக்கு அடியில விட்டான். எனக்குத் தெரியாதா?" தம்பியின் சட்டையைப் பிடித்தான். "சொல்லுல. எதுக்கு விட்ட? ஒனக்க அண்ணன் நிக்கத் தெரியாதவன்னு பாவம் பாத்தியா? சொல்லு!"

சுபின் அவன் கையைத் தட்டிவிடவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. காட்டிக்கொடுக்கக் கூடாது என்று தட்டையே பார்த்தான். ஷிபினின் மறு கை ஓங்கியது. அந்தக் கை கீழே வருவதற்குள் ஷீலா சொல்லிவிட்டாள்.

"அவன அடிக்காத. நானாக்கும் சொன்னேன்."

ஷிபினின் ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"நீயா?"

"எனக்கு வேற வழி தெரியல்ல மக்கா. நீ போசரிக்குப் போவாண்டாம்னுதான்... அவனுக்கு இன்னும் வருசம் கெடக்குல்லா..."

ஷிபின் சட்டையை விட்டான். அவன் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் அவளும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பாள். அவன் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினான்.

"நான் நின்னா ஜெயிக்கமாட்டேன்னு முடிவு பண்ணிட்ட. இல்லியாம்மா?"

அவள் நினைத்தது அதுதான். அது அவளுக்கே அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"நான் ஒண்ணு விட்டேன். அவன் ரெண்டு விட்டான்," என்றான் ஷிபின். தம்பி பக்கம் திரும்பினான். "உண்மைய சொல்லு. நீ ஒழுங்கா நின்னிருந்தா எத்தன?"

"முதல் பந்து நான் விட்டது," என்றான் சுபின். பேசப் பேசக் குரல் உடைந்தது. "ரெண்டாவது... கசம், சத்தியமா எனக்கே தெரியல்ல அண்ணே. மம்மி ரெண்டுன்னு சொன்னா. மண்டையில ரெண்டு ரெண்டுன்னே ஓடிட்டு இருந்துச்சு. கார்னர் வந்துச்சு, நான் பிடிக்கத்தான் போனேன். கை லேட் ஆச்சு. விட்டேனா, போச்சான்னு எனக்கே தெரியல்ல."

அவன் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தான். அந்தக் கையை அவன் இதுவரை அப்படிச் சந்தேகமாகப் பார்த்ததில்லை. ஷீலாவுக்கு பிம்ப்ரிப் பையன் நினைவுக்கு வந்தான். அவனை உடைக்க ஆறு கோல் வேண்டியிருந்தது. இவனுக்கு இரண்டே போதும் என்று அவள்தான் அளந்து கொடுத்தாள்.

ஷிபின் எழுந்து, மழையிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். லூர்துசாமி கை கழுவி வந்து மனைவியின் எதிரே நின்றான். திட்டப் போகிறான் என்று நினைத்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா ஷீலா," என்றான். அவ்வளவுதான்.

அதன் பிறகு ஒன்பது நாள் மழை விடவில்லை. துணி எதுவும் உலரவில்லை, வீடு முழுவதும் ஈர சாக்ஸ் நாற்றம். பையன்கள் விடியற்காலை கிளம்பிப் போனார்கள், வந்தார்கள். அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். முதலில் இரண்டு வார்த்தை, பிறகு நாலு. அவள் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். கேட்டதற்குப் பதில் சொன்னார்கள், வைத்ததைத் தின்றார்கள். மைதானத்தில் என்ன நடக்கிறது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ஜெயசீலனிடம் போய்க் கேட்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசல்வரை நடந்தாள். அவர் பைக் நின்றது. எந்த முகத்தோடு கேட்பது என்று திரும்பிவிட்டாள்.

பத்தாம் நாள் சாயங்காலம் ஷிபின் வந்து தையல் மெஷின்மேல் ஒரு ஜெர்சியை வைத்தான்.

"அம்மா, இதக் கொஞ்சம் பிரிச்சுத் தா. தோள்ல பிடிக்குது."

ஷீலா அதை விரித்தாள். முதுகில் இருபத்திரண்டு.

"இது சுபினுக்குள்ளதுல்லா?"

"இப்பம் எனக்குள்ளது. அவன் ஒண்ணாம் நம்பர்."

அவள் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சுபின் சமையலறை வாசலில் ஒன்றாம் நம்பர் ஜெர்சியோடு நின்றான். அண்ணன் போட்டது, அவன் உடம்பில் தொங்கியது.

"எப்பம் மக்கா?"

"நான் அன்னைக்கே போயி சார்ட்ட சொல்லிட்டேன். ரெண்டு பேரையும் வாங்கு வாங்குன்னு வாங்கினாரு. முந்தாநேத்து மறுபடி மேட்ச் வச்சாரு, மழையில."

"எனக்கிட்ட சொல்லல்லியே?"

"சொன்னா நீ எண்ணிக்க சொல்லுவ."

அவளுக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டாள். அவளுக்கு உரியதுதான்.

"அவன் ஒண்ணும் விடல்ல," என்றான் ஷிபின். "நான் ஒண்ணு விட்டேன். நல்லாத்தான் நின்னேன்மா. இந்தத் தடவ அது எனக்குத் தெரியும்."

"ரயில்வே?"

"பாப்பம். அவனுக்குக் காயம் கீயம்னா நான் எறங்குவேன். இல்லைன்னா, பரீட்ச முடிஞ்சதும் போசரியில எடம் பாக்கச் சொல்லி அப்பாட்ட சொல்லியாச்சு. மெஷின்ல இல்ல. ஸ்டோர்ல."

லூர்துசாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய இடது கை, வலது கையின் பாதி விரலைத் தடவிக்கொண்டிருந்தது.

"மம்மி, முதல் மேட்ச் ஆகஸ்ட் நாலு," என்றான் சுபின். "எனக்கு டர் லக்தா ஹை, பயமா இருக்கு."

"கார்னர் வந்தா மட்டும் யோசிக்காத," என்றான் ஷிபின். "நான் பெஞ்சிலருந்து கத்துவேன். கத்தினா வெளிய வா, அவ்வளவுதான்."

"ஒனக்கதும் தா மக்கா, பிடிச்சுத் தாறேன். தொளதொளன்னு கெடக்கு." ஷீலா சின்னவனிடம் கையை நீட்டினாள்.

சுபின் ஒன்றாம் நம்பரை இரண்டு கையாலும் இழுத்துவிட்டுக்கொண்டான். "வேண்டாம் மம்மி. இது இப்டியே இருக்கட்டும்."

அவள் விளக்கைப் போட்டு, பிளேடை எடுத்து, இருபத்திரண்டின் தோளிலும் கையிலும் பக்கங்களிலும் போட்ட தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் பெரியவனுடையதைச் சின்னவனுக்காகப் பிடித்தே பழகின கை. சின்னவனுடையதைப் பெரியவனுக்காகப் பிரிப்பது இதுதான் முதல் தடவை. நூல் அறுந்து அறுந்து வந்தது. வெட்டாமல் உள்ளே மடித்த துணி அப்படியே இருந்தது. போதுமான அளவுக்கு இருந்தது. பிரித்து முடித்துக் கையால் நீவினாள். கண் மறைத்தது, துடைத்துக்கொண்டாள்.

ஷிபின் மாட்டிப் பார்த்தான். இரண்டு கையையும் பந்து பிடிக்கிற மாதிரி மேலே தூக்கினான். தோள் பிடிக்கவில்லை. கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தவன் பக்கவாட்டில் விரலை வைத்தான். பழைய தையல் போன வழியெல்லாம் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன.

"இது துவைச்சா போயிருமாம்மா?"

"போவாது மக்கா," என்றாள் ஷீலா.